முட்டுச்சந்தில் கதவில்லாத வீடு

என் வாழ்நாளில் நான் கட்டியது ஒரே ஒரு வீடு. அதற்கும் கதவு வைக்கவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. அந்த வீட்டால் நாற்பது பேர் முன்னால் நான் பட்ட அவமானத்தை இத்தனை வருஷமாக மற்றவர்கள்தான் சொல்லி வருகிறார்கள். ஆளுக்கு ஆள் கையும் காலும் ஒட்டவைத்துச் சொல்வதால், ஒரு முறையாவது நானே சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது.

எண்பதுகளின் நடுவில் மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். வயது இருபத்தொன்பது. சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். அப்பா, அம்மா இருவரும் போய்விட்டார்கள். ஒரே அண்ணன் பம்பாயில் (பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வரும், கையெழுத்து அண்ணியுடையது). சிம்மக்கல்லில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் தங்கியிருந்தேன். அறைக்கு மூன்று கட்டில். மற்ற இரண்டு கட்டில்காரிகளும் சனிக்கிழமை மத்தியானமே ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த விடுதியில் நானும் வார்டனும் மாடித் தண்ணீர்த் தொட்டியும்தான். மூன்று பேரில் தொட்டிதான் அவ்வப்போது சத்தம் போடும்.

அப்போது யாராவது இதைத் தனிமை என்று சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். எனக்குத் தனியாக இருப்பதுதான் பிடிக்கும் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்வதாக இருந்தேன். கேட்கத்தான் ஆளில்லை.

அந்த வருஷம் அரசாங்கத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அட்டைப்பெட்டியைப் பிரிக்கவே எல்லோருக்கும் பயம். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பத்து நாள் டிரெய்னிங்காம். நீங்க போயிட்டு வந்துருங்க டீச்சர். மத்தவங்களுக்குப் புள்ள குட்டி, மாமியார் மாமனார்னு ஆயிரம் இருக்கு. உங்களுக்குன்னா, இன்னும் வீட்டுக்கு வரலையேன்னு தேட ஆளில்ல பாருங்க."

பாராட்டுகிற குரலில்தான் சொன்னார். நானும் பாராட்டு வாங்கிக்கொண்டவள் மாதிரி "தேங்க்ஸ் மேடம்" என்றேன்.

பயிற்சியின் கடைசி நாளில் பொழுதுபோக்காக ஒரு விளையாட்டைக் காட்டினார்கள். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகளால் ஆன ஒரு கோட்டை. உள்ளே ஒரு சின்னப் புள்ளி. அந்தப் புள்ளிதான் நாம். அறை அறையாகப் போக வேண்டும், எதிரே வருகிறவர்களைச் சுட வேண்டும். மற்றவர்கள் சுட்டுத் தள்ளினார்கள். என் முறை வந்தபோது நான் யாரையும் சுடவில்லை. ஒரு கூடத்துக்குள் போனேன். அதிலிருந்து ஒரு தாழ்வாரம், தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு வாசல், வாசலுக்கு அந்தப் பக்கம் இன்னோர் அறை. உண்மையில் அங்கே ஒன்றுமே இல்லை, நாலு கோடுதான். ஆனாலும் ஒவ்வொரு வாசலிலும் 'உள்ளே என்ன இருக்கும்' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. "மேடம், சுடுங்க! சுடுங்க மேடம்!" என்று பயிற்சியாளர் பின்னாலிருந்து கத்தினார். "இருங்க சார், இந்த ரூமைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றேன். அதற்குள் என்னைச் சுட்டுவிட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் முடிவு செய்துவிட்டேன். நானும் ஓர் ஊர் கட்டுவேன். யாரும் யாரையும் சுடாத ஊர். சும்மா நடக்கலாம்.

கம்ப்யூட்டருக்கென்று பள்ளியில் ஓர் அறை ஒதுக்கி ஏ.சி. போட்டார்கள். பள்ளியிலேயே ஏ.சி. இருந்த ஒரே அறை அதுதான். தலைமையாசிரியைக்கே தலைக்கு மேல் கடகடக்கும் மின்விசிறிதான். தூசி ஆகாது என்பதால் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். வெயில் ஏற ஏற வாசலில் செருப்புகள் பெருகும். "கம்ப்யூட்டர் கத்துக்க வந்தோம் டீச்சர்" என்று வந்து, நோட்டுத் திருத்தி, கீரை ஆய்ந்து, சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டுப் போவார்கள். அதில் தவறாமல் வருகிறவர் வரலாற்று டீச்சர் ரஹ்மத். ஸ்டாஃப் ரூமில் மூன்று வருஷமாக எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து, "இந்தாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க" என்று தினமும் நீட்டுவார். "பரவாயில்லை டீச்சர், எனக்கு வேலை இருக்கு" என்று தினமும் எழுந்து போய்விடுவேன். வேலை ஒன்றும் இருக்காது. ஒரு வாய் வாங்கினால் மறுநாள் நான் ஒரு வாய் நீட்ட வேண்டுமே என்ற பயம். என் விடுதிச் சாப்பாட்டை மனிதர்களுக்கு நீட்ட முடியாது.

எந்த ஊரைக் கட்டுவது என்பதில் குழப்பமே இல்லை. மதுரையைப் போல கம்ப்யூட்டருக்குத் தோதான ஊர் உலகத்தில் கிடையாது. நடுவில் கோயில், சுற்றிச் சதுரமாகச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதையும் சுற்றி மாசி வீதி, எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதி. பெட்டிக்குள் பெட்டி. அந்தக் கம்ப்யூட்டரின் ஞாபகசக்தியோ, இன்றைக்குக் கைபேசியில் வரும் ஒரு காலை வணக்கப் படத்துக்குக்கூடப் போதாது. கோணல்மாணலான ஊராக இருந்தால் அது பாதியிலேயே மூச்சு வாங்கிப் படுத்திருக்கும்.

ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வீதி வீதியாக அடி எண்ணி நடந்தேன். வாய்க்குள் எண்ணிக்கொண்டு ஒரே சீராகக் கால் வைத்துப் போகும் பெண்ணைப் பார்த்து, ஏதோ வேண்டுதல் என்று பூக்காரிகள் வழிவிட்டார்கள். ஒருத்தி என் நெற்றியில் குங்குமமே வைத்துவிட்டாள் (எண்ணிக்கை விட்டுப்போய், முனையிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்). கீழமாசி வீதியில் மட்டும் பிரச்சினை வந்தது. மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்த ஓர் அண்ணாச்சி வாசலில் வந்து மறித்துக்கொண்டார்.

"யம்மா, நில்லுங்க. எந்த ஆபீசு? ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களா?"

"இல்லைங்க, நான் டீச்சர்."

"டீச்சருக்கு வீதியில என்ன சோலி?"

"கம்ப்யூட்டர்ல மதுரையைக் கட்டறேன்."

அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், இருக்கிற மதுரைக்கு என்ன கொறை?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வத்தல் நெடியில் தொடர்ந்து ஏழெட்டுத் தும்மல் வந்தது. அவர் ஒரு கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். தன் மகள் மல்லிகா எங்கள் பள்ளியில்தான் எட்டாம் வகுப்பு என்று தெரிந்ததும் இன்னொரு கலரும் உடைத்தார். "என் மண்டியையும் போட்டுருங்க டீச்சர்" என்றார். போடுகிறேன் என்றேன். போடவில்லை. கடை, ஆள், மாடு, ரிக்‌ஷா என்று போட ஆரம்பித்தால் கம்ப்யூட்டர் தாங்காது. என் மதுரையில் சுவர்கள் மட்டும்தான் இருந்தன. ஒரு ஈ, காக்கை கிடையாது. ரயிலடியில் இறங்குகிற மஞ்சள் புள்ளி ஒன்று, வீதிகளைச் சுற்றிக் கோயிலின் கிழக்குக் கோபுரத்தை அடைய வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

அதைக் கட்டி முடிக்க ஆறு மாதம் ஆனது. பள்ளி விட்ட பிறகு ஆயா சாவிக்கொத்தோடு வந்து நிற்கும்வரை அங்கேயே இருப்பேன். முடித்த அன்று ரயிலடியில் தொடங்கி என் மஞ்சள் புள்ளியை எல்லா வீதிகளிலும் நடக்கவிட்டேன். அளவு கச்சிதம். திருப்பங்கள் கச்சிதம். எங்கே திரும்பினாலும் சுவர், சுவர், சுவர். இருபது நிமிஷம் நடந்ததும் புள்ளியை நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடுதியைத்தான் இவ்வளவு பெரிதாகக் கட்டி வைத்திருக்கிறேன் என்று புரிந்தது.

அன்றைக்குத்தான் அந்த வீட்டைக் கட்டினேன். கீழமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு முட்டுச்சந்தின் கடைசியில், சுவருக்குப் பின்னால் ஓர் அறை. கதவு வைத்தால் பிள்ளைகள் கண்ணில் பட்டுவிடும். அதனால் சந்தின் கடைசிச் சுவரில் முட்டிக்கொண்டு, கீபோர்டின் அடியில் நீளமாக இருக்கும் கட்டையைத் தட்டினால் மட்டும் சுவர் விலகும்படி வைத்தேன். உள்ளே ஒரு ஜன்னல், ஓர் அடுப்படி, ஒரு பச்சைப் புள்ளி. நுழைந்ததும் பச்சைப் புள்ளி திரும்பும். திரையின் அடியில் எழுத்து வரும். (ஆங்கில எழுத்தில்தான். அந்தப் பெட்டிக்குத் தமிழ் எழுதத் தெரியாது.)

"வந்துட்டியா? சாப்ட்டியா?"

நாம் ஏதாவது தட்டலாம். என்ன தட்டினாலும் அது ஒன்றுதான் சொல்லும்:

"அப்புறம்?"

அதற்கு மேல் பேச வைக்க இடமில்லை. ஊர்ச் சுவர்களே எல்லா இடத்தையும் தின்றுவிட்டன. ஆனால் எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஒன்பதாம் வகுப்பு அட்டகாசம், விடுதிச் சாம்பார், பம்பாய் அண்ணன் என்று எல்லாவற்றையும் தட்டுவேன். அது அலுக்காமல் "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டேயிருக்கும். "வரேன்" என்று தட்டினால் விடைகொடுக்கும். என்ன சொல்லி விடைகொடுக்கும் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். இப்போதும் காது சுடுகிறது.

ஆண்டு விழாவை ஒட்டிப் பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். கம்ப்யூட்டர் அறைதான் அதன் கிரீடம் என்று தலைமையாசிரியை முடிவு செய்தார். கல்வித்துறையிலிருந்து ஓர் அதிகாரி தலைமை விருந்தினர். நான் என்ன அவ்வளவு முட்டாளா? அந்தச் சந்தும் வீடும் இல்லாத மதுரை ஒன்றைத் தனியாகப் பதிவு செய்துகொண்டேன். புரோகிராமெல்லாம் அப்போது பாட்டுக் கேசட்டில்தான் ஏற்ற வேண்டும். கேசட்டின் முதல் பக்கத்தில் ஊருக்கான மதுரை. மறுபக்கத்தில் எனக்கான மதுரை. ஓட்டினால் கீச்சுக்கீச்சென்று ஐந்து நிமிஷம் அலறும். அதன் பிறகு ஊர் வரும்.

காலையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒழுங்காக என்றால், யாரும் கோபுரத்தை அடையவில்லை. பிறந்ததிலிருந்து மதுரையிலேயே இருக்கும் பெற்றோர்கள், பிள்ளைகள், கோயிலுக்குப் பூக் கட்டிக் கொடுக்கும் பெண்மணி ஒருவர் உட்பட அத்தனை பேரும் என் மதுரையில் வழி தெரியாமல் அலைந்தார்கள். மண்டி அண்ணாச்சி மகளுடன் வந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, நாற்காலி முழுக்க உட்கார்ந்தார்.

"இது எந்த வீதி டீச்சர்?"

"கீழமாசி வீதிங்க. உங்க வீதிதான்."

"என் மண்டி எங்க?"

"மண்டியெல்லாம் போடலைங்க. ஆனா நீளம் சரியா இருக்கும். அடி எண்ணிப் பார்த்தேன்."

"கோடு போட்டா வீதி ஆகிருமா? என் கண்ணைக் கட்டி விடுங்க, தும்மல் வந்தா கீழமாசி வீதின்னு சொல்லுவேன். வீதியில எம்புட்டு சனம் இருக்கு! ஒரு ஆளுகூட இல்லாம, ஊரே சாவுக்குப் போன மாதிரில இருக்கு." எழுந்துவிட்டார். போகும்போது இரக்கப்பட்ட மாதிரி, "ஒரு நாயையாவது போட்டுருக்கலாம்ல டீச்சர்" என்றார்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

பதினொன்றரைக்கு அதிகாரியின் ஜீப் வாசலில் வந்து நின்றது. அதே நேரம் கரண்ட் போனது.

இரண்டே நிமிஷத்தில் வந்துவிட்டதுதான். ஆனால் கம்ப்யூட்டர் மதுரையைச் சுத்தமாக மறந்துவிட்டது. மறுபடி ஏற்ற ஐந்து நிமிஷம் வேண்டும். ஏ.சி. நின்ற அறையில் நாற்பது பேர். படிக்கட்டில் தலைமையாசிரியையின் குரல். நான் கேசட்டைப் பிடுங்கினேன், பின்னோக்கி ஓட்டினேன், கைவியர்வையில் அது நழுவி விழுந்தது, எடுத்துச் செருகினேன், பொத்தானை அழுத்தினேன். எந்தப் பக்கம் என்று பார்த்தேனா? பார்த்தேன் என்று இருபது வருஷம் சாதித்தேன். பார்க்கவில்லை.

அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். மெலிந்த, பணிவான மனிதர். செருப்பைக் கழற்ற வேண்டும் என்றதும் மறுபேச்சில்லாமல் வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றினார். காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. அதை மறைக்க ஒரு காலின் மேல் மறு காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவரும் அலைந்தார். எல்லோரையும் போலக் கிழக்குக் கோபுரத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், கீழமாசி வீதியில் விழுந்து, அங்கே தென்பட்ட ஒரே சந்துக்குள் புகுந்தார். வழி தவறியவர்கள் யாரானாலும் அந்த முட்டுச்சந்தில் போய்த்தான் முட்டுவார்கள் என்பது ஊரைக் கட்டிய எனக்கு அதுவரை தெரியாது. "மேல போக மாட்டேங்குதே" என்று ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்தார். கடைசியில் இருப்பதிலேயே நீளமான கட்டையைத் தட்டினார்.

சுவர் விலகியது.

ஓடிக்கொண்டிருந்தது கேசட்டின் மறுபக்கம். பச்சைப் புள்ளி திரும்பியது. திரையில் வந்த எழுத்தை, பலகையில் எதைப் பார்த்தாலும் சேர்ந்து வாசித்துப் பழகிய எங்கள் பிள்ளைகள் ஒரே குரலில் வாசித்தார்கள்:

"வந்துட்டியா? சாப்ட்டியா?"

"என்னையவா கேக்குது?" என்றார் அதிகாரி. ஒரு விரலால் எழுத்துத் தேடித் தேடித் தட்டினார்: "இன்னும் இல்லை."

"அப்புறம்?" என்று பிள்ளைகள் வாசித்தார்கள்.

"சுகர் இருக்கு. நேரத்துக்குச் சாப்பிடணும்."

"அப்புறம்?"

"மெஸ் சாப்பாடு. ஒத்துக்கல."

"அப்புறம்?"

"குடும்பம் திருநெல்வேலியில. டிரான்ஸ்பர் கேட்டிருக்கேன்."

"அப்புறம்?"

அவர் விரல் கீபோர்டின் மேல் அப்படியே நின்றது. கீழே மேடையில் பரிசளிப்புக்காக ஒலிபெருக்கி சோதித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தட்டினார்: "அப்புறம் ஒண்ணுமில்ல."

"அப்புறம்?" என்றது என் வீடு. அதற்கு இங்கிதம் தெரியாது.

"நேரமாகுது சார்" என்றார் தலைமையாசிரியை.

"இருங்கம்மா. பேசிக்கிட்டிருக்கும்போது சொல்லாம கொள்ளாம எந்திரிக்கக் கூடாதுல்ல" என்றவர், "வாரேன்" என்று தட்டினார்.

"அப்புறம்?"

என் வீட்டுக்குத் தெரிந்தது வேலூர்ப் பக்கத்து 'வரேன்' மட்டும்தான். 'வாரேன்' என்றால் அதற்குக் காது கேட்காது. அவர் "போறேன்" என்று தட்டினார். "அப்புறம்?" "கெளம்புறேன்." "அப்புறம்?" "போயிட்டு வாரேன்." "அப்புறம்?" பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை, ஒவ்வோர் "அப்புற"மும் கீழே மேடைவரை கேட்டிருக்கும். அதிகாரியின் நெற்றியில் வியர்வை. தலைமையாசிரியை என் முழங்கையைக் கிள்ளி, காதுக்குள் சீறினார்: "அவரை வெளிய விடுங்க டீச்சர்!"

வேறு வழியில்லை. நாற்பது பேர் முன்னால் என் வாயால் சொன்னேன். "சார்... 'வரேன்'னு அடிங்க. இங்கிலீஷ்ல 'ஆர்'க்கு முன்னாடி ஒரே ஒரு 'ஏ' போதும், ரெண்டு வேணாம்."

அடித்தார். விடைகொடுத்தது. பிள்ளைகள் எழுத்துக்கூட்டி, நிதானமாக, ஒரு சொல் விடாமல் வாசித்தார்கள்:

"போயிட்டு வா வசந்தா. நாளைக்குச் சீக்கிரம் வா. நீ இல்லாட்டி எனக்கு யாரு இருக்கா?"

அதிகாரி திரும்பினார். "வசந்தா யாரு?"

"எங்க கணக்கு டீச்சர் சார்!" என்று முப்பது குரல்கள்.

அதன் பிறகு கேட்ட சிரிப்பை நான் வர்ணிக்க மாட்டேன். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அதிகாரி. "நல்லாத்தாம்மா கேக்குது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அது பாராட்டா என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, செருப்பு மலையில் கிடைத்த இரண்டில் காலை நுழைத்து, படியிறங்கி, வாசல் தாண்டி, நிற்காமல் நடந்தேன். யானைக்கல் பாலத்தடியில் வைகை மணலில் போய் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். ஒரு கால் செருப்பு என்னுடையது, இன்னொன்று இல்லை.

கால் மணி நேரத்தில் ரஹ்மத் டீச்சர் மூச்சிரைக்க மணலில் இறங்கி வந்தார். அவர் காலிலும் ஜோடி சேராத செருப்பு. சிரிக்காத இரண்டாவது ஆள் அவர்தான். சமாதானம் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, "பரவாயில்லை டீச்சர், எனக்கு ஒண்ணும் இல்லை" என்று தொடங்கினேன்.

"வாயை மூடுங்க" என்றார். "மூணு வருசமா பக்கத்து நாக்காலியில உக்காந்திருக்கேன். தெனம் சோத்தை நீட்டுறேன். எங்கிட்ட 'வேலை இருக்கு'ன்னுட்டு, அந்தப் பொட்டிக்கிட்ட போயி சாப்ட்டியான்னு கேக்கச் சொல்லிருக்கீக. நான் கேட்டா கசக்குதாக்கும்?"

மதுரையில் அதுவரை என்னிடம் யாரும் இவ்வளவு கோபப்பட்டதில்லை. கோபப்படுமளவுக்கு யாரையும் நெருங்க விட்டதில்லை. என்ன செய்வது என்று தெரியாமல், என் காலில் கிடந்த அவர் செருப்பைக் கழற்றி நீட்டினேன். அதை வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டு, என்னுடையதை என் பக்கம் தள்ளி, "எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்" என்றார்.

காஜிமார் தெருவில் அவர் வீடு. கணவர் சாகுல் பாய்க்கு டவுன் ஹால் ரோட்டில் கடிகாரக் கடை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு மாமியார். சாப்பாடு போட்டுவிட்டு "என்னம்மா நடந்துச்சு?" என்று மாமியார் கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். மாதக்கணக்கில் "அப்புறம்?" கேட்டுப் பழகியவள், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி நிறுத்திக் காத்திருந்தேன். ஒருவர்கூட "அப்புறம்?" சொல்லவில்லை. நிறுத்திய இடத்திலெல்லாம் மாமியார் புகுந்து தன் கதையைச் சொன்னார். பிள்ளைகள் குறுக்கே சண்டை போட்டார்கள். ரஹ்மத் நான் சொன்னதையே இன்னும் மோசமாக்கித் திருப்பிச் சொன்னார். என் கதையை முடிக்கவே முடியவில்லை. முடிக்க முடியாமல் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாகுல் பாய் மட்டும் மரியாதை தெரிந்தவர். கடைசிவரை சிரிக்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விடைபெற்றுத் தெருமுனைக்குப் போன பிறகு அந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. ஓர் ஆம்பளை அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

பள்ளியில் அதன் பிறகு என்னை வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று காத்திருந்தேன். அனுப்பவில்லை. மாறாக, அந்த அதிகாரி அடுத்த மூன்று மாதத்தில் நான்கு தடவை 'ஆய்வுக்கு' வந்தார். வகுப்புகளை எட்டிப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அரை மணி கழித்து வெளியே வருவார். எங்கள் பள்ளியைப் போலக் கடுமையாக ஆய்வு செய்யப்படும் பள்ளி மாவட்டத்திலேயே இல்லை என்று தலைமையாசிரியை பெருமையாகவும் பயமாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். கேசட்டைச் சரியான பக்கம், அதாவது தவறான பக்கம், போட்டு வைப்பது மட்டும் என் வேலை. கடைசியாக வந்தபோது திருநெல்வேலிக்கு மாற்றல் கிடைத்துவிட்டதாகச் சொன்னார். அன்றைக்கு உள்ளே அதிக நேரம் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நானும் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். நிறுத்தவில்லை. தினமும் போய்க்கொண்டிருந்தது வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைந்தது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் காஜிமார் தெருவுக்குக் கூப்பிடுவார்கள். சில வாரம் போவேன், சில வாரம் 'வேலை இருக்கு' என்பேன். பழக்கம் லேசில் போகுமா? ஒரு மழைக்காலத்தில் ஏ.சி. ஒழுகிக் கம்ப்யூட்டர் நனைந்து உயிரை விட்டது. அன்றைக்கு மட்டும், யாரோ இறந்துபோன மாதிரி, ரஹ்மத் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். கேலி செய்யவில்லை.

கேலியெல்லாம் அவர் வீட்டில்தான். என்னைக் காப்பாற்றிய அந்தக் குடும்பம் அதற்குக் கூலியாக என் மானத்தை எடுத்துக்கொண்டது. கடைக்குக் கிளம்பும் சாகுல் பாயிலிருந்து, கறிக்காரர், கேபிள்காரர், கல்யாணமாகிப் போன மகள்கள்வரை, அந்த வீட்டை விட்டு யார் கிளம்பினாலும் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "போயிட்டு வா வசந்தா!" எனக்கு மட்டும் அதைச் சொல்ல மாட்டார்கள். நான் கிளம்பினால், "இப்ப என்ன அவசரம், உக்காருங்க" என்பார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் சாகுல் பாய் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். சென்னைக்குப் போய் விமானம் ஏற வேண்டும். வழியனுப்ப மதுரை ரயிலடியில் குடும்பமே திரண்டிருந்தது. என்னையும் இழுத்துப் போயிருந்தார்கள். எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். வண்டி நகர ஆரம்பித்ததும் பேரப்பிள்ளைகள் பிளாட்பாரத்தில் கூடவே ஓடிக்கொண்டு ஒரே குரலில் கத்தினார்கள்: "போயிட்டு வா வசந்தா! சீக்கிரம் வா வசந்தா!"

ஜன்னலோரம் எதிர் சீட்டில் இருந்த ஓர் அம்மாள் பெட்டி முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டு, "யாரு பாய் வசந்தா? புள்ளைக இப்புடித் தவிக்குதுக" என்று கேட்டாராம்.

வெள்ளைத் தொப்பியும் தாடியுமாக உட்கார்ந்திருந்த சாகுல் பாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாராம்: "நாந்தேம்மா."